சவலைக் குழந்தையும் பஞ்சாயத்தின் கடமையும்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் எழுதியது)

'சவலை' என்பது நம் கிராமத்துப் பாட்டிமார்களின் வாயில் வழங்கிவரும் பழைய சொல். அடுத்த குழந்தை வயிற்றில் வந்துவிட்டதால் தாய்ப்பால் மறக்கடிக்கப்பட்டு, கை கால் சூம்பி, வயிறு மட்டும் முன் தள்ளி, எந்நேரமும் சிணுங்கிக்கொண்டிருக்கும் மூத்த குழந்தையை அவர்கள் 'சவலைப் பிள்ளை' என்பார்கள். 1930களில் ஆப்பிரிக்காவின் பொற்கரை நாட்டில், அதாவது இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் பணியாற்றிவந்தார். கால் வீங்கித் தோல் உரிந்து மடியும் குழந்தைகளைக் கண்ட அவர், அந்த வியாதிக்கு ஊர் மக்களிடையே வழங்கிய பெயரையே எடுத்து 1935ல் மருத்துவ உலகத்துக்கு அறிவித்தார். 'குவாஷியார்க்கர்' என்பது அப்பெயர். அடுத்த குழந்தை பிறந்ததும் முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். கடலுக்கு அப்பாலிருந்த அத்தாய்மாரும் நம் பாட்டிமாரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே காரணத்தைக் கண்டு பெயரிட்டிருக்கிறார்கள்.

பாட்டிமார்களின் கண் கூர்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கண்ணுக்குத் தெரியும் சவலை என்பது நோயின் முற்றிய நிலையாகும். நன்றாயிருந்த குழந்தை சவலையாக மாறுவதற்குப் பெரும்பாலும் சில மாதங்கள் பிடிக்கின்றன. அந்த மாதங்களில் குழந்தை சிரிக்கிறது, தவழ்கிறது, நடக்கவும் செய்கிறது. பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு ஒரு குறையும் தோன்றுவதில்லை. "அப்பனைப் போல ஒல்லி வாகு" என்றோ, "பல் முளைக்கும் காலம், அப்படித்தான் இருக்கும்" என்றோ சொல்லி அமைதியடைகிறார்கள். கண்ணுக்குப் புலப்படாத அந்த மாதங்களில் குழந்தையைக் கண்டுபிடிப்பது எவ்வாறு, அதில் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கும் விவசாயக் குடும்பங்களுக்கும் உள்ள பங்கு யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நான்கு எண்கள்

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு ஒன்றியத்தில் நான் பணியாற்றியபோது, ஓர் அங்கன்வாடி மையத்தைப் பார்வையிடச் சென்றேன். கட்டடம் புதிது. கூரை ஒழுகவில்லை. கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் மட்டும் பழுதாயிருந்தது. அதை உடனே சரிசெய்யும்படி பணித்தேன். சமையல் பாத்திரங்கள், அரிசி இருப்பு, சுவரில் தீட்டிய படங்கள் யாவற்றையும் பார்த்தேன். மேசைமேல் பதிவேடுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. "மையம் நன்கு பராமரிக்கப்படுகிறது" என்று பார்வையாளர் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டுப் புறப்பட்டேன்.

மூன்று வாரம் கழித்து, அவ்வூரைச் சேர்ந்த 17 மாதப் பெண் குழந்தை ஒன்று வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருப்பதாகவும், இரு பாதங்களும் வீங்கி அபாயமான நிலையில் இருப்பதாகவும் தகவல் வந்தது. மறுநாள் அதே மையத்துக்குச் சென்று எடைப் பதிவேட்டைத் திறந்தேன். அக்குழந்தையின் பெயருக்கு நேரே, கடைசி நான்கு மாதங்களின் எடை இவ்வாறு எழுதப்பட்டிருந்தது: 8.1, 8.2, 8.1, 8.1 கிலோ. பணியாளர் மாதந்தோறும் தவறாமல் எடை எடுத்திருக்கிறார், சரியாகவும் எழுதியிருக்கிறார். ஆனால் அவரிடம் அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நான் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது என் கை அந்தப் பதிவேட்டின் மேல்தான் இருந்திருக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வளர்ச்சி அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறப் பட்டைகள் இருக்கின்றன. பச்சையில் இருக்கும் குழந்தைக்குக் குறைவில்லை என்று நாமெல்லோரும் பாடம் கற்றிருக்கிறோம். 8.1 கிலோ எடை, 13 மாதப் பெண் குழந்தைக்குப் பச்சைப் பட்டையின் நடுவே விழும். அதே எடை 17 மாதத்திலும் பச்சையின் கீழ் விளிம்புக்குச் சற்று மேலேயே நிற்கும். அட்டை கடைசிவரை பச்சையாகவே இருந்தது. கோடுதான் ஏறாமல் படுத்துக்கிடந்தது. நிறத்தைப் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். கோட்டைப் பார்த்திருந்தால் இரண்டாவது மாதத்திலேயே தெரிந்திருக்கும்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. ஐந்து வாரம் மருத்துவமனையில் இருந்து திரும்பியது. அந்த ஐந்து வாரத்தில் தந்தையின் நடவுக் கூலி போயிற்று. வீட்டிலிருந்த ஆடு விற்கப்பட்டது. அடுத்த மாதம் பிறக்கவிருந்த குழந்தைக்காக வைத்திருந்த பணமும் செலவாயிற்று.

ஏற்றம்தான் அளவு

குழந்தையின் தேகவளர்ச்சிக்கு ஒரு கணக்கு உண்டு. அது கடினமானதன்று. பிறக்கும்போது ஏறக்குறைய 3 கிலோ இருக்கும் குழந்தை ஐந்தாவது மாதத்தில் இரு மடங்காகவும், முதலாண்டு முடிவில் மும்மடங்காகவும், இரண்டாண்டு முடிவில் நான்கு மடங்காகவும் எடை கூடவேண்டும். 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தை தொடக்கத்திலேயே பின்தங்கியது; அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் மாதத்துக்குச் சுமார் 200 கிராம் ஏறுவது இயல்பு. அதற்குப்பின் பள்ளி செல்லும் வயதுவரை ஆண்டுக்கு 2 கிலோ அளவில் ஏறும். உயரமோ, பிறப்பில் 50 சென்டிமீட்டர், ஓராண்டில் 75, நான்கு வயதில் 100 என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டாண்டுகளில் இழந்த உயரத்தைப் பின்னால் எவ்வளவு ஊட்டினாலும் முழுவதும் திரும்பப் பெறுவது அரிது. உடலோடு மூளையும் அப்போதுதான் மிக விரைவாக வளர்கிறது.

"நம் ஜனங்களே குள்ளம், வெள்ளைக்காரன் அளவை நமக்கு வைக்கலாமா?" என்று ஒரு கிராம சபையில் பெரியவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். உலக சுகாதார நிறுவனம் 2006ல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகள் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து வகுத்தவை. தாய்ப்பாலும் நல்ல ஆகாரமும் சுத்தமான சூழ்நிலையும் பெற்ற தில்லிக் குழந்தை, நார்வேக் குழந்தைக்கு ஏறத்தாழச் சமமாகவே வளர்ந்தது என்பது அந்த ஆராய்ச்சியில் தெரியவந்தது. ஐந்து வயதுவரை குழந்தையின் உயரத்தை நிர்ணயிப்பதில் சாதியையும் தேசத்தையும்விடச் சோற்றுக்கும் நீருக்குமே பங்கு அதிகம். 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 22 பேர் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். அதே ஆய்வில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை காணப்பட்டது. நான்கில் ஒரு குழந்தை குட்டையாக வளரும் ஊரில், அப்படி இருப்பதே இயல்பு என்று எல்லோர் கண்ணும் பழகிவிடுகிறது.

மாதந்தோறும் எடை எடுத்துக் கோடு ஏறுகிறதா என்று பார்க்கும் முறை நமக்குப் புதியதன்று. 1980ல் உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இதனையே அச்சாணியாகக் கொண்டிருந்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதம் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் மூன்று மாத காலம் கூடுதல் ஆகாரம் கொடுத்து, ஏறத் தொடங்கியதும் நிறுத்திவிடுவார்கள். தாய்க்கும் தன் ஊட்டம் பலித்தது கண்முன் தெரியும். பிற மாநிலத்தாரும் வெளிநாட்டாரும் வந்து பார்த்துக் கற்றுச்சென்ற திட்டம் அது. இன்று அங்கன்வாடிப் பணியாளர் கைப்பேசிச் செயலியில் எடையைப் பதிகிறார். எண் தில்லிவரை போகிறது. ஆனால் அதே எண் பக்கத்துத் தெருவிலிருக்கும் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வருவதில்லை. இந்த விசித்திரத்தை மாற்றுவதற்கு அரசாணை ஒன்றும் வேண்டியதில்லை.

எடை எடுப்பதிலும் சில நுட்பங்கள் உண்டு. தராசின் முள், அல்லது எண், சுழியத்தில் நிற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ரேஷன் கடையிலிருந்து முத்திரையிட்ட 5 கிலோ படிக்கல்லை வாங்கிவந்து மாதம் ஒருமுறை வைத்துப் பார்ப்பது நல்லது. குழந்தையின் கனத்த உடைகளையும் கொலுசு, அரைஞாண் முதலியவற்றையும் கழற்ற வேண்டும். அழுது உதறும் குழந்தையைத் தொங்கு தராசில் போட்டு, ஆடும் முள்ளைக் கண்மதிப்பாகப் படிப்பது வீண் வேலை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்தும், அதற்கு மேற்பட்டதை நிற்கவைத்தும் உயரம் எடுக்க வேண்டும். படுக்கவைத்து எடுத்த அளவைவிட நிற்கவைத்து எடுத்த அளவு முக்கால் சென்டிமீட்டர் அளவுக்குக் குறையுமாதலால், இரண்டையும் கலந்து எழுதினால் குழந்தை சுருங்கிவிட்டதைப் போலத் தோன்றும்.

தராசு இல்லாத இடத்தில் நாடா உதவும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் இடது மேற்கையின் நடுப்பகுதியைச் சுற்றி அளந்தால், 12.5 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். 11.5க்குக் குறைந்தால் மிகக் கடுமையான மெலிவு. பாதத்தின் மேற்புறத்தைக் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்தால் பள்ளம் விழுந்து நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இரு பாதங்களிலும் பள்ளம் விழுந்தால் எடையைப் பார்த்துக் காத்திருக்கலாகாது. உடம்பில் கட்டிய நீரே எடையாகக் காட்டி ஏமாற்றும். அன்றே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

கஞ்சியின் கனம்

எந்த வயதில் கோடு சாய்கிறது என்று பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தால், பெரும்பாலும் ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில்தான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதுமானது, தண்ணீர்கூட வேண்டியதில்லை. ஆகவே அதுவரை ஏழை வீட்டுக் குழந்தையும் செல்வர் வீட்டுக் குழந்தையும் ஒருபோல வளர்கின்றன. இரண்டு வயது நிரம்பிய குழந்தை அங்கன்வாடிக்கு வந்துவிடும். 1982 ஜூலை முதல் நடந்துவரும் சத்துணவும் முட்டையும் அதற்குக் கிடைக்கும். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டு முழுவதும் வீட்டின் பொறுப்பு. அரசின் உணவு அங்கே சத்துமாவுப் பொட்டலமாக மட்டுமே நுழைகிறது. வீட்டில் ஏழு பேர் இருந்தால் அந்தப் பொட்டலம் ஏழு பேருக்கும் உருண்டையாகிவிடுகிறது. தாயைக் குறைசொல்ல மனம் வரவில்லை. மூத்த குழந்தை கையை நீட்டும்போது எந்தத் தாய் கொடுக்காமல் இருப்பாள்?

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 900 கலோரி வேண்டும். தாய்ப்பால் தொடர்ந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கிடைத்துவிடும். மீதி 550 கலோரியை ஆகாரத்திலிருந்து பெறவேண்டும். குழந்தையின் இரைப்பையோ ஒரு தம்ளர் அளவுதான்; ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லிலிட்டருக்கு மேல் கொள்ளாது. இரண்டு தேக்கரண்டி மாவை ஒரு தம்ளர் நீரில் கரைத்துக் காய்ச்சிய கஞ்சியில் 35 கலோரிதான் இருக்கிறது. நான்கு வேளை ஊட்டினாலும் 140. குழந்தையின் வயிறு நிரம்பிவிட்டது, தாயின் மனமும் நிரம்பிவிட்டது, குழந்தையோ பட்டினி. அதே தம்ளரில் 30 கிராம் மாவைக் கெட்டியாகக் காய்ச்சி, ஒரு தேக்கரண்டி எண்ணெயும் இரண்டு தேக்கரண்டி வெல்லத்தூளும் சேர்த்தால் ஏறத்தாழ 180 கலோரி ஆகிறது. நம் வீடுகளில் கேழ்வரகு இல்லையென்றோ எண்ணெய் இல்லையென்றோ சொல்லமுடியாது. குழந்தைக்கு எண்ணெய் ஆகாது, மாந்தம் வரும் என்ற எண்ணமும், நீர்க்க இருந்தால்தான் செரிக்கும் என்ற எண்ணமுமே தடையாக நிற்கின்றன.

கெட்டியாகக் காய்ச்சினால் குழந்தை விழுங்கமாட்டேன் என்கிறதே என்று தாய்மார் கேட்பார்கள். இதற்கு நம் பாட்டிமார்களிடமே பரிகாரம் இருக்கிறது. கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் முடிந்து முளைகட்டி, வெயிலில் உலர்த்தி, கருகாமல் இலேசாக வறுத்து அரைத்து வைத்துக்கொள்ள வேண்டும். கெட்டியாகக் காய்ச்சிய கஞ்சியை இறக்கிச் சற்று ஆறவிட்டு, இம்மாவில் ஒரு தேக்கரண்டி சேர்த்துக் கிளறினால், சில நிமிடங்களில் கஞ்சி இளகி, ஒரு சொட்டு நீரும் சேர்க்காமலே விழுங்கும் பதத்துக்கு வந்துவிடும். பிறகு மறுபடி ஒரு கொதி விட்டு இறக்கலாம். முளையில் உண்டாகும் ஒருவகைப் பொருள் மாவுச்சத்தை உடைத்துக்கொடுப்பதே காரணம். மிகுதியாக வறுத்துவிட்டால் அப்பொருள் அழிந்துபோகும்.

ஆறு மாதம் முடிந்ததும் நாளுக்கு இரண்டு மூன்று வேளையும், ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளையும், இடையில் ஓரிரு சிறு தீனியும் கொடுக்க வேண்டும். பெரியவர்களுடன் சேர்ந்து மூன்று வேளை உண்பது குழந்தைக்குப் போதாது. பருப்பு மசித்த சோறு, முருங்கைக்கீரை, பப்பாளி, முட்டை, முள் நீக்கிய சிறு மீன், வறுத்துப் பொடித்த நிலக்கடலை இவை போதும். கடலையை முழுதாகக் கொடுக்கலாகாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். தாய்ப்பாலை இரண்டு வயதுவரையும், கூடுமானால் அதற்கு மேலும் தொடரலாம்.

குன்னூரில் 1920களில் நடந்த ஒரு சோதனை நினைவுக்கு வருகிறது. ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர் அங்கே எலிக்குஞ்சுகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் ஆகாரத்தை ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொடுத்து வளர்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி உண்ட பஞ்சாபுச் சீக்கியர் ஆகாரத்தில் வளர்ந்தவை கொழுத்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாணத்து ஆகாரத்தில் வளர்ந்தவை எல்லாவற்றினும் சிறுத்தன. நாம் தலைகுனிய வேண்டிய செய்தியன்று. தட்டில் அரிசியோடு வேறென்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டிய செய்தி. குன்னூரில் தொடங்கிய அந்த ஆராய்ச்சி நிலையம் 1958ல் ஐதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இன்றும் இயங்குகிறது. குன்னூரில் பணி தொடங்கி ஐதராபாத்தில் அதற்குத் தலைமை வகித்த டாக்டர் சி. கோபாலனும் அவர் குழுவினரும் 1973ல் வெளியிட்ட ஆராய்ச்சி மற்றொன்றையும் காட்டியது. நம் கிராமக் குழந்தைகளுக்கு முதற்குறை புரதப்பொடியன்று. வயிறாரத் தின்னும் ஆகாரத்தின் அளவே குறைகிறது என்பது அது. டப்பாவில் அடைத்த விலையுயர்ந்த பொடிகளை வாங்கக் கடன்படும் பெற்றோர்கள் இதைக் கேட்கவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியவில்லை. வீட்டில் இடும் முட்டையும் கறக்கும் பாலும் சந்தைக்குப் போகின்றன. குழந்தைக்குத் தேநீரில் தோய்த்த பிஸ்கட்டும், பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் ஐந்து ரூபாய்ப் பொட்டலமும் வருகின்றன. தேநீர் பசியை அடக்கும். ஆகாரத்திலுள்ள இரும்புச்சத்தையும் உடம்பில் சேரவிடாது. வாரத்துக்கு நான்கு முட்டையை வீட்டில் நிறுத்திக்கொள்வதால் எந்தக் குடித்தனமும் கெட்டுவிடாது.

வயிற்றுப்போக்கும் நீரும்

எவ்வளவு ஊட்டினாலும் ஒரு வார வயிற்றுப்போக்கில் இரண்டு மாத எடை போய்விடும். அப்போது ஆகாரத்தை நிறுத்தும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. இது பெருந்தவறு. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை, அதில் அச்சிட்டுள்ளபடி ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைத்து அடிக்கடி கொடுக்க வேண்டும். தாய்ப்பாலையும் வழக்கமான ஆகாரத்தையும் நிறுத்தாமல் ஊட்ட வேண்டும். துத்தநாக மாத்திரையை, போக்கு நின்றபின்னும் 14 நாள் முழுவதும் கொடுக்க வேண்டும். குணமானபின் இரண்டு வாரம் ஒரு வேளை கூடுதலாக ஊட்டினால் இழந்த எடை திரும்பும். தொக்கம் எடுப்பவரிடமும் மந்திரிப்பவரிடமும் போகிறவர்களை நான் ஏசுவதில்லை. குழந்தைக்கு ஏதோ சரியில்லை என்று அவர்கள் முதலில் கண்டுகொண்டார்களே! அதே நாளில் சுகாதார நிலையத்துக்கும் போங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

தவழும் குழந்தை மண்ணில் கையை வைத்து வாயில் வைக்கிறது. அந்த மண்ணில் கோழி எச்சமும் மலமும் கலந்திருந்தால், வெளியே வயிற்றுப்போக்காகத் தெரியாமலே குடல் கெட்டு, தின்ற சோறு உடம்பில் ஒட்டாமற் போகிறது. குடற்புழு இரத்தத்தையும் கொண்டுபோகிறது. ஆண்டுக்கு இருமுறை கொடுக்கப்படும் புழுநீக்க மருந்தும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கப்படும் வைட்டமின் ஏ திரவமும், வாரம் இருமுறை கொடுக்கும் இரும்புச்சத்துத் திரவமும் விடுபடலாகாது. ஆனால் மேல்நிலைத் தொட்டியை உரிய நாளில் கழுவாமலும் குளோரின் போடாமலும் விட்டுவிட்டு, மருந்தைக் கொண்டு குழந்தையைக் காப்பாற்றலாம் என்று நினைப்பது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாகும். கடைக்கோடி வீட்டுக் குழாயில் பிடித்த நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது இருக்க வேண்டும். தொட்டியடியில் சோதித்துவிட்டு ஊர்க்கோடியில் சோதிக்காமல் விடுவது வழக்கமாகிவிட்டது. குழாய் உடைந்து சாக்கடை கலப்பது பெரும்பாலும் கடைக்கோடியில்தான்.

பஞ்சாயத்துக் கூட்டத்தில் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

பஞ்சாயத்துக் கூட்டத்தில் தெருவிளக்கு பேசப்படுகிறது. சிமெண்டுச் சாலை பேசப்படுகிறது. அங்கன்வாடியைப் பற்றிப் பேச்சு வந்தால் அது கட்டடத்தைப் பற்றியதாகவே இருக்கிறது. மாதந்தோறும் பணியாளரை அழைத்து இரண்டே கேள்விகள் கேட்டால் போதும் என்பது என் அனுபவம். இம்மாதம் எத்தனை குழந்தைகளுக்கு எடை எடுக்கப்படவில்லை? எடுத்தவர்களில் எத்தனை பேருக்குச் சென்ற மாதத்தைவிட எடை ஏறவில்லை?

முதற்கேள்வி மிக முக்கியமானது. எடை எடுக்க வராத குழந்தை பெரும்பாலும் வந்த குழந்தையைவிட மோசமான நிலையிலிருக்கிறது. அது காய்ச்சலில் கிடக்கலாம். ஓடைக்கு அப்பாலுள்ள குக்கிராமத்தில் இருக்கலாம். பெற்றோருடன் செங்கற்சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ போயிருக்கலாம். அவ்விதம் போன குழந்தை ஊர்ப் பதிவேட்டிலும் இல்லை, போன இடத்துப் பதிவேட்டிலும் இல்லை. எடை எடுக்கும் நாளைக் காலை பத்து மணிக்கு வைத்தால் நடவுக்கும் களைக்கும் போகும் தாய் எப்படி வருவாள்? கூலி நேரம் முடிந்தபின் வைக்க வேண்டும். அதற்குப் பணியாளருக்குச் சற்று நேர வசதியும் செய்துகொடுக்க வேண்டும். வேலைத்தலத்தில் ஐந்து குழந்தைகளோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு பெண்ணைக் கூலியுடன் அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தும் ஏற்பாடு 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அதை நடைமுறையில் கண்ட இடங்கள் மிகச் சில.

இரண்டாம் கேள்விக்கு வரும் விடையைக் கேட்டு யாரும் பணியாளர்மேல் சினம் கொள்ளலாகாது. இது என்னைப் போன்ற அலுவலர்களுக்கும் சொல்வதாகும். சிவப்புக் குழந்தை ஒன்றைக் காட்டினால் விளக்கக் குறிப்பு கேட்போமானால், அடுத்த மாதம் அக்குழந்தை புத்தகத்தில் பச்சையாகிவிடும், வீட்டில் ஆகாது. எடை ஏறவில்லை என்று உண்மையை எழுதியவருக்கு நன்றி சொல்ல வேண்டும். குழந்தைகளின் பெயரைச் சபையில் படிக்கவும் கூடாது. எண்ணிக்கையைச் சபையில் கேட்கலாம். பெயரைத் தலைவரும் சுகாதாரக் குழுவினரும் தனியே பெற்றுக்கொண்டு, வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். வறுமையை ஒலிபெருக்கியில் சொல்லக் கேட்ட தாய் அடுத்த மாதம் குழந்தையைக் கொண்டுவரமாட்டாள்.

வீட்டுக்குப் போகிறவர்கள் என்ன கேட்பது? நேற்று விடிந்ததிலிருந்து இரவுவரை குழந்தை எத்தனை முறை, என்ன தின்றது, யார் ஊட்டினார்கள் என்று கேட்டால் பாதி விஷயம் வெளிவந்துவிடும். பகலெல்லாம் கண் தெரியாத பாட்டியிடம் இருக்கிறதா, எட்டு வயது அக்காளிடம் இருக்கிறதா என்பது தெரியும். தாய் மறுபடி கருவுற்றிருக்கிறாளா என்பதும் தெரியும். இரண்டு குழந்தைகளுக்கு இடையே மூன்று ஆண்டு இடைவெளி வேண்டுமென்று செவிலியர் சொல்வதன் காரணம் 'சவலை' என்ற அந்தப் பழஞ்சொல்லிலேயே இருக்கிறது. கடுமையாக மெலிந்த குழந்தைகளுக்குத் தனி ஊட்டமும் மருத்துவமும் அளிக்கத் தமிழ்நாடு அரசு 2022 மே மாதம் 'ஊட்டச்சத்தை உறுதி செய்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதன் பட்டியலில் ஒரு குழந்தையின் பெயர் சேரவேண்டுமானால், முதலில் அக்குழந்தையைத் தராசில் வைத்திருக்க வேண்டும்.

மேலே சொன்ன ஊரில், குழந்தை மருத்துவமனையிலிருந்து திரும்பிய மாதம், பஞ்சாயத்துத் தலைவரிடம் இவ்விரு கேள்விகளையும் கேட்கும்படி வேண்டினேன். அந்த அம்மையார் கூட்டத்தில் பணியாளரை நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்டார். எடை எடுக்கப்படாதவர்கள் 11 பேர் என்று பதில் வந்தது. அவர்களில் 7 பேர் ஏரிக்கு அக்கரையிலுள்ள செங்கற்சூளையில் பெற்றோருடன் தங்கியிருந்தார்கள். அவ்வூர்க்காரர்கள் அல்லர் என்பதால் பட்டியலின் கடைசியில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தார்கள். அடுத்த மாதம் தராசைச் சைக்கிளின் பின்னிருக்கையில் கட்டி, வார்டு உறுப்பினர் ஒருவரும் பணியாளரும் சாயங்காலத்தில் ஏரிக்கரை வழியே சூளைக்குப் போனார்கள். தராசைக் கட்டித் தொங்கவிட அங்கே மரம் ஒன்றும் இல்லாததால், சூளைக்காரர் இரண்டு கழிகளை நட்டுக் குறுக்கே ஒரு கம்பு கட்டிக்கொடுத்தார்.